வாகை சூடாத போர்

புறத்திணைக்கு நம் முன்னோர் வகுத்த பூக்களின் வரிசையை நாம் அறிவோம். பகைவர் ஆநிரையைக் கவர்வது வெட்சி. அதனை மீட்பது கரந்தை. மண்ணை விரும்பிப் படையெடுப்பது வஞ்சி. அரணை முற்றுவது உழிஞை. அதனைக் காப்பது நொச்சி. களத்தில் எதிரெதிர் நின்று பொருவது தும்பை. வென்றவன் சூடுவது வாகை. போரைத் தொடங்கப் பூ உண்டு. வென்று முடிக்கவும் பூ உண்டு. இருவரும் வெல்லாது, இருவரும் தோலாது, களைத்துப்போய் நிறுத்துகின்ற போருக்கு எப்பூவைச் சூடுவது? அதற்கெனத் தனித் திணை வகுக்கப்படவில்லை. துறை ஒன்றுதான் உண்டு. பொர நிற்கும் இருவரிடையே சான்றோர் புகுந்து சந்து செய்விப்பது துணைவஞ்சி எனப்படும். உறையூரை முற்றிய நலங்கிள்ளியையும், அதன் கதவை அடைத்து உள்ளிருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர் கிழார் பாடியது அத்துறையைச் சார்ந்தது. அப்புலவருக்கு ஒரு வசதி இருந்தது: அவர் மனம் மாற்ற வேண்டியவர் இரண்டே மன்னர்.

மக்கள் வாக்களித்து ஆள்வோரை மாற்றும் இக்காலத்தில் அவ்வசதி இல்லை. போரைத் தொடங்கியவர் ஒருவர், முடிக்க வேண்டியவர் மற்றொருவர் என்றாகிவிடுகிறது. தந்தை பட்ட கடன் மைந்தன் தலையில் விழுவதுபோல், முன்னவர் தொடங்கிய போர் பின்னவர் கணக்கில் ஏறுகிறது. வியட்நாம் போர் அவ்வாறே கைமாறியது. ஆப்கானிஸ்தான் போர் 2001 முதல் 2021 வரை நான்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களைக் கண்டது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், நாம் இங்கே விடுதலை நாள் கொடியேற்றி இனிப்பு வழங்கிய அதே நாளில், காபூல் நகரம் கைமாறிய காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டோம். 'இப்படித்தான் முடிக்கப் போகின்றார்கள் என்றால் இத்தனை ஆண்டுகள் எதற்கு?' என்ற கேள்வி நம் வீட்டுக் கூடங்களிலும் எழுந்தது.

அக்கேள்வி புதியதன்று. அதே கேள்வியை அதே எரிச்சலோடு அமெரிக்க மக்கள் கொரியப் போரின்போது கேட்டனர். அந்தப் போரை நிறுத்திய வரலாற்றில் நம் நாட்டுக்கு நேரான பங்கு உண்டு. ஆற்காட்டைத் தம் பெயரிலேயே தாங்கிய தமிழ் மருத்துவர் ஒருவருக்கும் அக்களத்தில் இடம் உண்டு. ஆயினும் நம் பிள்ளைகளின் பாடநூல்களில் அது ஓரிரு வரிக்குமேல் வருவதில்லை. எனவே அதனைச் சற்று விரித்துரைக்க எண்ணுகிறோம்.

1950ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் வடகொரியப் படைகள் 38ஆவது அகலக்கோட்டைக் கடந்து தெற்கே இறங்கின. ஐக்கிய நாடுகள் மன்றத்தின் கொடியின்கீழ் அமெரிக்காவும் அதன் துணை நாடுகளும் களம் புகுந்தன. செப்டம்பரில் தளபதி மக்ஆர்தர் இஞ்சோன் துறையில் இறங்கிப் போரின் போக்கை மாற்றினார். வடக்கே சீன எல்லையை நோக்கி முன்னேறினார். சீனப் படை திரண்டு வந்து அவரைத் திரும்பத் தெற்கே தள்ளிற்று. ஓராண்டுக்குள் சியோல் நகரம் நான்கு முறை கைமாறியது. 1951ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் பார்த்தால் இரு படைகளும் ஏறத்தாழத் தொடங்கிய கோட்டருகிலேயே நின்றன. ஊஞ்சல் ஆடி ஓய்ந்து நடுவில் நின்றதுபோல் என்று சொல்லலாம். ஆனால் ஊஞ்சலின்கீழ் ஒரு நாடு முழுவதும் நசுங்கிக் கிடந்தது.

இந்தியா அப்போருக்குப் படையணி அனுப்பவில்லை. மருத்துவ அணி ஒன்றையே அனுப்பியது. அதுவே 60ஆவது பாராசூட் கள மருத்துவ அணி. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1941ஆம் ஆண்டிலேயே வானூர்தியிலிருந்து குடை விரித்துக் குதித்த முதல் இந்தியர்களுள் ஒருவர் அவர். 1950 நவம்பரில் கொரியா சேர்ந்த அவ்வணி, 1951 மார்ச்சு 23ஆம் நாள் முன்சான் அருகே அமெரிக்கப் படையினர் வானிலிருந்து இறங்கியபோது தானும் உடன் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே அறுவை மேசை அமைத்தது. வெட்டுண்டோரைப் படைவீரர், பொதுமக்கள் என்று பிரித்துப் பாராமல் மருந்திட்டது. ரங்கராஜ் அவர்களுக்கு மகாவீர் சக்கர விருது அளித்து நம் அரசு சிறப்பித்தது. போர் நிற்கும்வரையும், நின்ற பின்னும் அவ்வணி அங்கேயே இருந்தது.

போர் நிறுத்தப் பேச்சு 1951 ஜூலை 10ஆம் நாள் கேசாங் நகரில் தொடங்கிற்று. சில வாரங்களில் முடிந்துவிடும் என்றே பலரும் நம்பினர். இரண்டு ஆண்டுகளும் பதினேழு நாள்களும், 158 அமர்வுகளும் ஆயின. முதல் நாளிலேயே ஐ.நா. குழுவின் தலைவரான கடற்படைத் தளபதி ஜாய்க்குத் தாழ்ந்த நாற்காலி போடப்பட்டது. எதிரே அமர்ந்தவர் உயர்ந்து தெரிய வேண்டுமாம். மேசைமேல் ஒருவர் சிறு கொடியை வைத்தால் மற்றவர் அதனினும் உயர்ந்த கொடியைக் கொணர்ந்தார். ஆகஸ்டு 10ஆம் நாள் இரு தரப்பாரும் ஒரு சொல்லும் பேசாமல் இரண்டு மணி பதினொரு நிமிடம் ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்திருந்தனர். மணப்பந்தலில் சம்பந்திகள் முறுக்கிக்கொண்டு அமர்வதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே ஆறிப்போவது சோறு மட்டுமே.

அக்டோபரில் பேச்சு பான்முன்ஜோம் என்ற சிற்றூருக்கு மாறியது. நவம்பர் 27ஆம் நாள், படைகள் எதிர்நிற்கும் கோடே பிரிவுக்கோடாகலாம் என்று உடன்பாடு கண்டனர். ஊன்றிக் காண வேண்டிய இடம் இதுவே. எந்த மண்ணுக்காகப் போர் எழுந்ததோ அந்த மண்ணின் கேள்வி ஐந்தே மாதத்தில் பெரும்பாலும் தீர்ந்தது. பிறகு ஏன் இருபது மாதம்? கைதிகளை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்காக.

ஐ.நா. தரப்பில் ஏறத்தாழ 1,32,000 கைதிகள் இருந்தனர். எதிர்த்தரப்பு காட்டிய பட்டியலில் பதினோராயிரத்துச் சொச்சம் பேர். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, போர் நின்றதும் கைதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்புக என்கிறது. சட்டத்தின் எழுத்து வடகொரியாவுக்கும் சீனாவுக்கும் துணை நின்றது. ஆனால் கைதிகளுள் பல்லாயிரவர் திரும்பிப் போக மறுத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் கைதிகளை ஸ்டாலினிடம் திருப்பி அனுப்பியபோது அவர்கள் பட்ட பாடு அப்போது யாருக்கும் மறக்கவில்லை. விரும்பாதவரை வலிந்து அனுப்ப ஒப்போம் என்று அமெரிக்கத் தலைவர் ட்ரூமன் உறுதியாக நின்றார். 1952 ஏப்ரலில் கைதிகளைத் தனித்தனியே வினவியபோது, திரும்ப ஒப்பியவர் ஏறத்தாழ 70,000 பேரே என்று கணக்கு வந்தது. எதிர்த்தரப்பு கொதித்தெழுந்தது.

ட்ரூமனின் நிலையை அறம் என்று போற்றுவோர் உண்டு. நாமும் அதன் நேர்மையை மறுக்கவில்லை. எனினும் அந்த வினவல் நடந்த முகாம்களின் நிலையை அறிந்தால் மனம் தயங்குகிறது. கோஜே தீவின் முகாம்களில் பொதுவுடைமையினரும் அவர்களின் எதிரிகளும் தத்தம் அடைப்புகளைத் தாமே ஆண்டனர். தைவான் பக்கம் சாய்ந்த தலைவர்கள் கைதிகளின் உடலில் முழக்கங்களைப் பச்சை குத்தினர்; ஊர் திரும்ப விரும்பியவர்களை அடித்து நொறுக்கினர். மறுபக்க அடைப்புகளிலும் 'மக்கள் நீதிமன்றம்' என்ற பெயரில் கொலைகள் நடந்தன. 1952 மே மாதம் முகாமின் தலைவரான அமெரிக்கத் தளபதியையே கைதிகள் சிறைப்பிடித்தனர். இத்தகைய இடத்தில் ஒருவன் 'போகேன்' என்றதும் 'போவேன்' என்றதும் அவன் உள்ளத்துச் சொல்தானா என்பதை யார் அறிவார்?

மேசையில் இப்படிச் சொல் இழுபட, குன்றுகளில் உயிர் இழுபட்டது. பெரும் படையெடுப்பு வேண்டா, பிடித்த இடத்தை விடவும் வேண்டா என்பதே ஆணை. ஒரு குன்றைப் பிடிப்பதும் இழப்பதும் மீண்டும் பிடிப்பதுமாக நாள்கள் கழிந்தன. வீரர்கள் அக்குன்றுகளுக்குத் தாமே பெயரிட்டனர்; ஒன்றுக்கு நெஞ்சுடைந்த முகடு என்று பெயர். பன்றி இறைச்சித் துண்டம்போல் தோன்றிய மற்றொரு குன்றுக்கு அதன் பெயரையே இட்டு, 1953 ஏப்ரலிலும் ஜூலையிலும் அதற்காகக் கடும்போர் புரிந்தனர். ஜூலை 11ஆம் நாள் அமெரிக்கர் அதனைத் தாமே கைவிட்டு இறங்கினர். போர் நின்றது அதற்குப் பதினாறு நாள் கழித்து. அப்போரில் அமெரிக்கர் அடைந்த உயிர்ச்சேதத்திலும் காயத்திலும் ஏறத்தாழப் பாதி, பேச்சு தொடங்கிய பிறகு நேர்ந்தவை. சமநிலைக்காகச் சாவதா என்று வீரர்கள் கசப்போடு நகைத்தனர் என்றால் வியப்பென்ன?

அந்தக் கசப்பு கடல்கடந்து அமெரிக்க வீடுகளை எட்டிற்று. 1952ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ட்ரூமனின் ஆட்சியை ஏற்றுக்கொள்பவர் நூற்றுக்கு 22 பேர் என்று காலப் கருத்துக் கணிப்பு காட்டியது. அதனினும் தாழ்ந்த எண்ணை அதற்குமுன் எந்தக் குடியரசுத் தலைவரும் கண்டதில்லை. ஆனால் மக்களின் அச்சினத்தை ஒரே சினம் என்று எண்ணிவிடக் கூடாது. அதனுள் நேர்மாறான இரு குரல்கள் இருந்தன. சீனாவையே தாக்கி வென்று முடியுங்கள், அதற்குக் குரல் கொடுத்த மக்ஆர்தரை 1951 ஏப்ரலில் ஏன் பதவி நீக்கினீர்கள் என்று ஒரு குரல். நமக்கேன் இந்தப் பாடு, பிள்ளைகளை ஊருக்கு அழைத்து வாருங்கள் என்று மறு குரல். முன்னதைக் கேட்டால் உலகப் போர். பின்னதைக் கேட்டால் தோல்வி என்ற பழி. இரண்டும் ஒருங்கே எழும்போது ஆள்பவன் இருந்த இடத்திலேயே நிற்கிறான். போர் நீள்வதற்கு மக்கள் சினமே ஒரு காரணமாகிவிடுகின்ற இந்த விந்தையைப் பிற்காலத்தில் வியட்நாமிலும் காண்கிறோம்.

1952 மார்ச்சில், தாம் மீண்டும் தேர்தலில் நிற்பதில்லை என்று ட்ரூமன் அறிவித்தார். குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஐசனோவர் அக்டோபர் 24ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் பேசும்போது, தாமே கொரியா செல்லப் போவதாகச் சொன்னார். சென்று என்ன செய்வார் என்று சொல்லவில்லை. கேட்டவர்களும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஐரோப்பாவில் இட்லரின் படையை வென்ற தளபதி போகிறேன் என்றதே போதுமானதாயிற்று. 48 மாநிலங்களில் 39 அவர்பக்கம் சாய்ந்தன. டிசம்பர் தொடக்கத்தில் அவர் கொரியா சென்று மூன்று நாள் தங்கினார். அவருடைய மைந்தரும் அக்களத்தில் பணிபுரிந்துகொண்டிருந்தார். குன்றுகளைக் கண்ணால் கண்ட தளபதி, இவற்றை ஏறி வெல்வது வீண் என்று உணர்ந்து திரும்பினார்.

அவர் கொரியாவில் இருந்த அந்த நாள்களிலேயே, 1952 டிசம்பர் 3ஆம் நாள், நியூயார்க்கில் ஐ.நா. பொதுப்பேரவை ஒரு தீர்மானத்தை 54க்கு 5 என்ற வாக்கில் ஏற்றது. அது இந்தியா கொணர்ந்தது. அதற்காக உழைத்தவர் கிருஷ்ண மேனன். நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று கைதிகளைப் பொறுப்பேற்க வேண்டும். போகச் சொல்லியோ போகாதே என்றோ எவரையும் வலியச் செய்யலாகாது என்பதே அதன் சாரம். அமெரிக்கர் முதலில் முகம் சுளித்தனர், பின்னர் இசைந்தனர். சோவியத் பேராளர் விஷின்ஸ்கி அதனைக் கடுமையாக ஏளனம் செய்தார். சீனமும் மறுத்தது. துணைவஞ்சி பாடிய நம் தூதருக்குக் கிடைத்த பரிசு இது.

சோவியத் ஆவணக் காப்பகங்கள் பிற்காலத்தில் திறக்கப்பட்டபோது அம்மறுப்பின் உள்நோக்கம் தெரிந்தது. 1952 ஆகஸ்டில் தம்மைக் காண வந்த சீனப் பிரதமர் சூ என்-லாயிடம், வடகொரியர் தம் மக்களின் உயிர்களையன்றி வேறெதனையும் இழந்துவிடவில்லை என்னும் பொருள்பட ஸ்டாலின் பேசியிருக்கிறார். அமெரிக்கா அங்கே சிக்கியிருப்பது அவருக்கு ஆதாயமாக இருந்தது. அந்த ஆதாயத்தின் விலையை வேறொருவர் செலுத்தினர்.

1953 மார்ச்சு 5ஆம் நாள் ஸ்டாலின் இறந்தார். இரண்டே வாரத்தில், போரை முடிக்க வேண்டும் என்று புதிய ஆட்சியினர் முடிவெடுத்தனர். மார்ச்சு 30ஆம் நாள், திரும்ப விரும்பாத கைதிகளை நடுநிலை நாடு ஒன்றிடம் ஒப்படைக்கலாம் என்று சூ என்-லாய் அறிவித்தார். ஆக, வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் இப்போரைத் தொடங்காதவர்கள், கையில் வாங்கிக்கொண்டவர்கள், ஒரே காலத்தில் ஆட்சியில் அமர்ந்திருந்தனர். தொடங்கியவனுக்கு ஒவ்வொரு விட்டுக்கொடுப்பும் தன் பழைய முடிவைத் தானே பழிப்பதாகும். மரபுரிமையாகப் பெற்றவனுக்கு அந்தத் தளை இல்லை. ஐசனோவர் ஏற்ற நிபந்தனைகளையே ட்ரூமன் ஏற்றிருந்தால் நாட்டை விற்றார் என்று எதிர்க்கட்சியினர் தூற்றியிருப்பர். அணுகுண்டு மிரட்டலே எதிரியைப் பணியவைத்தது என்று ஐசனோவரின் அமைச்சர்கள் பின்னர்ச் சொல்லிக்கொண்டனர். வரலாற்றாசிரியர் பலர் அதனை ஐயுறுகின்றனர், நாமும் ஐயுறுகிறோம். மரபுரிமையாகப் பெற்றவர் எல்லாரும் விரைந்து முடித்துவிடுகின்றனர் என்றும் சொல்வதற்கில்லை. 1969இல் வியட்நாம் போரைக் கையேற்ற நிக்சன் அதனை மேலும் நான்காண்டுகள் நடத்தினார். அமெரிக்க வீரர் மட்டுமே இருபதாயிரம் பேர் அவ்வாண்டுகளில் மாண்டனர்.

கொரியாவில், போரைத் தன் சொந்தப் போராகக் கருதியவர் ஒருவர் எஞ்சியிருந்தார்: தென்கொரியத் தலைவர் சிங்மன் ரீ. நாடு பிளவுண்டு நிற்கும் எந்த உடன்பாட்டையும் ஏற்க அவர் உடன்படவில்லை. 1953 ஜூன் 8ஆம் நாள் கைதிகள் பற்றிய உடன்பாடு கையெழுத்தாயிற்று. பத்தே நாளில் அவர் ஏறத்தாழ 27,000 வடகொரியக் கைதிகளை இரவோடிரவாக முகாம்களிலிருந்து வெளியேவிட்டார். கரைக்கு வந்த கலம் மறுபடியும் ஆழத்துக்குப் போயிற்று. தென்கொரியப் படைக்குப் பாடம் கற்பிக்கச் சீனர் ஜூலையில் பெருந்தாக்குதல் நடத்தினர். மேலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஜூன் 8ஆம் நாள் கையெழுத்தான உடன்பாட்டை எடுத்துப் பார்த்தால், நம் தீர்மானம் டிசம்பரில் சொன்னதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இடைப்பட்ட ஆறு மாத உயிர்ப்பலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜூலை 27ஆம் நாள் காலை பத்து மணிக்குப் பான்முன்ஜோமில் தளபதி ஹாரிசனும் தளபதி நாம் இல்லும் கையெழுத்திட்டனர்; ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போயினர். தென்கொரியா கையெழுத்திடவே இல்லை. இரவு பத்து மணிக்கே துப்பாக்கி ஓயும் என்று விதி. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் பீரங்கிகள் முழங்கின. அது போர்நிறுத்தமே; சமாதான உடன்படிக்கை இன்றுவரை எழுதப்படவில்லை.

நம் வீரரின் பணி அதன்பிறகே தொடங்கியது. நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் நம் தளபதி திம்மையா. சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகியவை பிற உறுப்பு நாடுகள். கைதிகளைக் காக்கத் தளபதி தோரட் தலைமையில் ஆறாயிரம் வரையிலான இந்திய வீரர் சென்றனர். இந்தியர் தம் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார் சிங்மன் ரீ. எனவே இஞ்சோன் கடலில் நின்ற கப்பல்களிலிருந்து நம் வீரரை ஹெலிகாப்டர்களில் ஏற்றி, படைவிலக்கப் பகுதியில் கொண்டுபோய் இறக்கினர். அங்கே அவர்கள் அமைத்த பாசறைக்கு 'ஹிந்த் நகர்' என்று பெயர்.

இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஐ.நா. தரப்பிலிருந்தும், 359 பேர் எதிர்த்தரப்பிலிருந்தும் அவர்கள் கைக்கு வந்தனர். காவலர்மீது கல் விழுந்தது. ஒரு முறை நம் அதிகாரி ஒருவரைக் கைதிகள் வளைத்துப் பிடித்துக்கொண்டபோது தோரட் தாமே அடைப்பினுள் சென்று பேசி அவரை மீட்டார். ஒவ்வொரு கைதியிடமும் அவன் நாட்டுப் பேராளர் வந்து நிலையை விளக்க வேண்டும். அவன் கேட்டுத் தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. தொண்ணூறு நாள் முடிவில் மனம் மாறி ஊர் திரும்பியவர் மிகச் சிலரே. ஆணையத்தில் இருவர் ஒருபக்கம், இருவர் மறுபக்கம் பேச, நடுவில் இந்தியாவின் சொல்லே தீர்ப்பாயிற்று. 1954 ஜனவரியில் எஞ்சிய கைதிகளை அவரவரை ஒப்படைத்த தரப்பாரிடமே நம் படை திருப்பி ஒப்புவித்தது. இரு தரப்பாரும் இந்தியாவை ஏசினர். சீனக் கைதிகளுள் பதினாலாயிரம் பேர் தைவானுக்குக் கப்பலேறினர். அமெரிக்க வீரர் இருபத்தொருவர் சீனாவுக்குப் போயினர்.

வடக்கும் வேண்டா, தெற்கும் வேண்டா, சீனமும் வேண்டா, தைவானும் வேண்டா என்றவர்கள் எண்பத்தெட்டுப் பேர். அவர்களுள் எழுபத்தாறு பேர் கொரியர், பன்னிருவர் சீனர். எந்த நாடு அவர்களை ஏற்கும் என்று தெரியாத நிலையில், திரும்பும் இந்தியப் படையோடு அவர்களும் கப்பலேறினர். 1954 பிப்ரவரியில் அவர்கள் வந்திறங்கிய துறைமுகம் நம் சென்னை. அங்கிருந்து இரயிலில் டில்லிக்கு அனுப்பப்பட்டு அங்கே இரண்டாண்டு காத்திருந்தனர். 1956இல் அவர்களிற் பெரும்பாலோரைப் பிரேசில் ஏற்றது. வேறு சிலர் அர்ஜென்டினா சென்றனர். விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் மட்டும் வேறெங்கும் போகாமல் இந்நாட்டிலேயே தங்கி, தொழில் செய்து, இங்கேயே குடும்பம் அமைத்தனர்.